நாப்பத்தேழாம் நம்பர் குரல்

வாங்கல, வாங்க. எல்லாவனும் வந்தாச்சா, இல்ல பாதிப் பேரு பரோட்டாக் கடையில சால்னாவுக்குச் சண்டை போட்டுக்கிட்டு நிக்கீங்களா. ஏல ஜெயசிங்கு, நீ முன்னால வந்து உக்காரு, உனக்குக் காதும் மந்தம், மூளையும் மந்தம், சிரிப்பு மட்டும் எல்லாரும் சிரிச்சு முடிச்ச பெறகு தனியா வரும். உங்க மூஞ்சிகளைப் பாத்தாலே தெரியுது, கொம்பையா இன்னைக்கும் அவுத்து விடப்போறான், நாமளும் வாயைப் பொளந்துட்டுக் கேக்கப்போறோம்னு. கேளுங்க. ஆனா இந்தத் தடவை ஒரு பந்தயம். நான் சொல்லுததுல எது நெசம், எது என் கைச்சரக்குன்னு நீங்களே பிரிச்சுப் பாருங்க. இப்ப மணி சரியா ரெண்டு பத்து. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு, கோவில்பட்டி வண்டி நிக்கிற இடம். கழுகுமலை, கோவில்பட்டி, கழுகுமலை, கோவில்பட்டி, ஏறு தாயி, சீட்டு இருக்கு, ஜன்னலோரமே இருக்கு. இதான் என் உத்தியோகம், பிரைவேட் வண்டிக்கு ஆள் கூப்பிடுறது. இஞ்சினியரிங் மூணாம் வருசத்துல ஓடி வந்தவனுக்கு மிச்சம் இருந்தது தொண்டை ஒண்ணுதான். ரெண்டு நாப்பதுக்குப் புளியங்குடி வண்டி வரும். அதுல ஒருத்தர் வாராரு, அவருக்கு நான் ஒரு கதை சொல்லணும். எந்த மாதிரிச் சொல்லன்னு இன்னும் முடிவாகல. அதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க யாரும் இங்க இல்லன்னு எனக்கும் தெரியும்ல, ரொம்பத்தான் பாக்காதீங்க. நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல இருந்து என்னைத் தூக்கி ஒரு வருசம் ஆச்சு. எவனுக்காவது போன் போட்டா, வண்டி ஓட்டிட்டு இருக்கேன் மாப்ளன்னு வைக்கான். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத பயலும் அதைத்தான் சொல்லுதான். பரவாயில்ல. கூட்டத்துக்கு நடுவுல நின்னு நாள் முழுக்கக் கத்துதேன், ஒருத்தனும் என்னைப் பாக்கதில்ல, எல்லாவனும் பஸ்ஸு போர்டைத்தான் பாக்கான். எதிர்த்த பெஞ்சுல ஒரு பெரியவர் வயர் கூடையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. யாரோ. அவருகூட இந்தப் பக்கம் பாக்கல.

முதல்ல கதை. நீங்களும் அந்தக் கிளாஸ்லதான் இருந்தீங்க, ஆனாலும் கேளுங்க, ஏன்னா நான் இப்ப சொல்லுத கதையில நீங்க யாரும் கிடையாது. இந்தக் கதைதான் எனக்கு இங்க டீ வாங்கித் தருது. டிரைவருமாரு, கண்டக்டருமாரு, பூக்கட்டுத அக்கா எல்லாரும் கேட்டுட்டாக. செத்தவன் அட்டெண்டன்ஸ் சொன்ன கதை. எங்க ஹாஸ்டல்ல திருமலைக்குமார்னு ஒருத்தன். ரோல் நம்பர் நாப்பத்தேழு. என் ரூம்மேட்டு. வெயில் காலத்துல சிமெண்டுத் தரை குளுகுளுன்னு இருக்கும்னு கீழ படுத்தான். விடியறதுக்கு முன்னாடி நாலு இருவதுக்குக் கட்டுவிரியன் வந்து காதுக்குக் கீழ முத்தம் குடுத்துட்டுப் போயிருச்சு. ஆளு தூக்கத்துலயே போயிட்டான். எனக்குத் தெரியாது, எழுப்பிப் பாத்தேன், எந்திரிக்கல, சரி தூங்கட்டும்னு கிளாஸுக்குப் போயிட்டேன். மூணாவது பீரியட், பத்து நாப்பது. சார் போர்டுல எழுதிக்கிட்டு இருக்காரு. பியூன் வாசல்ல வந்து நின்னு, திருமலைக்குமாரோட அப்பா லைன்ல இருக்காரு, பையன் கிளாஸுக்கு வந்திருக்கானான்னு கேக்காருங்கான். சார் திரும்பாமலே, நாப்பத்தேழு, இருக்கியாடான்னு கேட்டாரு. காலிப் பெஞ்சு. ஆனா அங்க இருந்து ஒரு சத்தம் வருது, மெதுவா, இழுத்து, எஸ்ஸ்... சா...ர். அவ்வளவுதான், பூக்கட்டுத அக்கா இந்த இடத்துல நாரை விட்டுட்டு மாரைப் பிடிச்சுக்கிடும். அந்தச் சத்தத்தை நான் செஞ்சு காட்டுவேன்ல. அடி நாக்கைத் தடிப்பாக்கி, கண்ணுல பாதியை மூடிக்கிட்டு. கேக்கவன் கையில மயிரு நட்டுக்கும். அப்பறம் ஒருத்தன் டீ சொல்லுவான், நான் குடிப்பேன், சூடு நாக்குல படும்போது அந்த நாக்கு என்னோடதுதானான்னு ஒரு நிமிசம் சந்தேகமா இருக்கும்.

இந்தக் கதை பஸ்ஸு ஏறிப் போகும்னு நான் யோசிக்கல. ஆள் கூப்பிடுறவன் நான், எந்த வண்டி எங்க போகும்னு தூக்கத்துலயும் சொல்லுவேன், ஆனா வாயில இருந்து விழுந்தது எந்த வண்டியில ஏறுதுன்னு பாக்கல. புளியங்குடிக்குப் போயிருச்சு. அங்க எலுமிச்சங்கா கமிஷன் கடையில எடை போடுத ஒரு மனுசன் காதுல விழுந்திருச்சு. நேத்து போன் வருது. புது நம்பரு. தம்பி கொம்பையாவா பேசுதது, நான் குமாரோட அப்பா பேசுதேன்யா. கழுகுமலை வண்டி ஹாரன் அடிச்சுக்கிட்டே கிடக்கு. நீ எம் மவனைப் பத்தி ஏதோ கதை சொல்லுதியாமே, நம்ம ஊருப் பையன் ஒருத்தன் சொன்னான். கோவமா கேக்கல. கோவமா கேட்டிருந்தா நான் ஏதாவது அளந்து விட்டிருப்பேன், கோவக்காரனைச் சிரிக்க வைக்கிறது எனக்கு ரொம்ப லேசு. அவரு கேட்டது வேற. எனக்கும் அந்தக் கதையைச் சொல்லேன்யா, நான் நாளைக்கு வாரேன். அன்னைக்கு நான்தான் போன் போட்டேன். காலையில அவன்கிட்ட இருந்து ஒரு மிஸ்டு கால் வந்து கிடந்துச்சு, திருப்பிப் போட்டா எடுக்கல, அதான் ஆபீசுக்குப் போட்டேன். உங்க பையன் கிளாஸ்ல இருக்கான், கூப்பிட்டதுக்குக் குரல் குடுத்தான்னு சொன்னாக. அந்தக் குரலு எப்படிய்யா இருந்துச்சு. நல்லாத்தான இருந்துச்சு. இதைத்தான் கேக்க வாராரு. கடக்கரையில போயி மொட்டை போட்டாரு, திதி குடுத்தாரு, எல்லாம் முடிச்சாச்சு. ஆனாலும் அந்த ஒத்தைக் குரலைக் கேக்க வாராரு. கழுகுமலை, கோவில்பட்டி. ஏண்ணே கோவில்பட்டிதான, ஏறுங்க, இப்ப எடுத்துருவான். எடுக்க மாட்டான். இன்னும் பத்து நிமிசம் ஆகும். இந்த ஊர்ல ஒரு நாளைக்கு எரநூறு தடவை இப்ப எடுத்துருவான்னு சொல்லுதேன், எல்லாரும் நம்புதாக, நம்பி உள்ள போயி வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்காக.

குமாரு மட்டும் என்னை நம்ப மாட்டான். எப்பவும். நீங்கெல்லாம் கதைக்கு வாய் பொளக்கையில அவன் ஒருத்தன் மட்டும் சுவத்துல சாஞ்சுக்கிட்டு எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில உருட்டிக்கிட்டு இருப்பான். அவன் பெட்டி முழுக்க எலுமிச்சம்பழந்தான், அவங்க அப்பா குடுத்து விடுறது, எங்க ரூமே பாத்திரம் தேய்க்கிற சோப்பு மாதிரி மணக்கும். ஒரு நாளு தனியாக் கேட்டேன், எப்படில கண்டுபிடிக்க. சிரிச்சான். நீ பொய் சொன்னா மணி சொல்லுவல. என்னதுல. நெசத்தைச் சொல்லும்போது நீ, காலையில, மத்தியானத்துல, அப்பம்பே. பொய்யின்னா ஒன்பது பன்னெண்டு, நாலு முப்பத்தஞ்சும்பே. எவன்ல நெசமா நடக்கும்போது மணி பாப்பான். அன்னைக்கு நான் அவனைத் தலகாணியால அடிச்சேன். அதுக்கப்பறம் ஒவ்வொரு தடவையும் நான் மணி சொன்னா அவன் கண்ணு லேசாச் சிரிக்கும், நானும் கதையோட நடுவுல சிரிச்சிருவேன், உங்களுக்கு ஏன்னே தெரியாது. இப்ப போயி மேல சொன்னதை எல்லாம் திருப்பிப் பாருங்கல. நாலு இருவது. பத்து நாப்பது. சொல்லிட்டேன், பந்தயத்துல பாதி உங்களுக்கு விட்டுக் குடுத்தாச்சு. இந்த ஊர்ல மணி சொன்னா கண்டுபிடிக்க ஒரு ஆளு கிடையாது. அது சொகமாத்தான் இருக்கும்னு நினைச்சேன். இல்ல. ரூமுக்குப் போயி ஃபேனைப் போட்டுட்டுப் படுத்தா, நான் அவன் குரல்ல என்கிட்டயே பேசுதேன். நல்லா இருக்கும்போது அவன் பேசுத குரலு. சாப்டியால. சாப்ட்டேன். என்ன சாப்ட. இட்லி. எத்தனை. ஒன்பது. பொய் சொல்லாதல. அப்படியே பேசிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு குரலு தடிச்சுப்போயிரும், இழுக்க ஆரம்பிச்சிரும், அந்தக் குரலுக்கு வந்துரும். நான் எந்திரிச்சு லைட்டைப் போட்டு உக்காந்துருவேன். உலகத்துல அவன் குரலு இப்ப எங்கயும் இல்ல. என் தொண்டையில மட்டும்தான் இருக்கு. அவங்க அப்பாவுக்கு நான் அதைக் குடுத்திரலாம். நல்ல குரலை. எஸ் சார்னு தெளிவா, பளிச்சுனு. கேட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போவாரு. அதுல என்ன தப்பு. சொல்லுங்கல. இப்ப மட்டும் வாயை மூடிக்கிட்டு இருக்கீங்க.

சரி, ரெண்டாவது கதை. இதைத்தான் ஹெச்ஓடி கிட்ட சொன்னேன், காலேஜு தப்பிச்சுதுன்னு அவரு மனசுக்குள்ள கும்பிட்டிருப்பாரு. இதுல ஆவி கிடையாது. காலையில எந்திரிக்கும்போது குமாரு, வயிறு வலிக்குதுலன்னான். கண்ணு ரெண்டும் பாதி மூடிக் கிடந்துச்சு. பேச்சு குழறுது. நான் என்ன நினைப்பேன். அவன் பாட்டிலைத் தொட்டவன் இல்லதான், ஆனா எனக்கு அதான் சிரிப்பா இருந்துச்சு. என்ன மாப்ள, எனக்குத் தெரியாம போயி ராத்திரியோட ராத்திரியா ஏத்திக்கிட்டியோன்னு கேட்டேன். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பல்லால கடிச்சுப் பிழிஞ்சு டம்ளர்ல குடுத்தேன், குடி, தெளிஞ்சிரும்னு. வாய் ஓரமா ஒழுகிருச்சு, அவனால முழுங்க முடியல. அதுக்கும் சிரிச்சேன். ஹெச்ஓடி கிட்ட ஒழுகினதைச் சொல்லல. அவன் படுத்துக்கிட்டு, எனக்குப் ப்ராக்ஸி மட்டும் குடுத்துருல, என் நம்பருக்கு நீ எஸ் சார் சொல்லிருன்னான், குடுத்தேன், மத்தியானம் அவனே எந்திரிச்சு வந்து கடைசி பெஞ்சுல உக்காந்தான், சாயங்காலம் ரூமுக்குப் போன பெறகுதான் சரிஞ்சான். இப்படிச் சொன்னேன். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, இது விடியறதுக்கு முன்னாடி கடிச்ச கடி, காலையிலயே கொண்டாந்திருந்தா ஊசி போட்டுக் காப்பாத்தியிருக்கலாம், இவ்வளவு நேரம் எப்படிக் கிளாஸ்ல உக்காந்திருந்தான்னு கேட்டாக. ஹெச்ஓடி ரிஜிஸ்டரை விரிச்சுக் காட்டுனாரு. ஏழு பீரியடும் வந்திருக்கான். நீலப் பேனாவுல ஏழு தடவை. டாக்டரம்மா ரிஜிஸ்டரைப் பாத்தாக, அவனைப் பாத்தாக, அப்பறம் ஒண்ணும் கேக்கல. தாள்ல எழுதியிருந்தா அது நடந்ததுதான. காலேஜுக்கும் அதுதான் நல்லது, எனக்கும் அதுதான் நல்லது. அவங்க அப்பாவுக்கும் அதுதான் நல்லதுன்னு நான் ஒரு வருசமா எனக்கே சொல்லிக்கிட்டு இருக்கேன். என் மகன் நல்லாத்தான் இருந்தான், கிளாஸ்ல உக்காந்து படிச்சான், பொழுது சாயத்தான் அப்படி ஆச்சுன்னு அவரு நினைச்சுக்கிடலாம். காலையில இருந்து தனியாக் கிடந்தான்னு நினைக்க வேண்டாம். தாகத்துக்குக் கேட்டானோ, கதவைத் தட்டினானோ, யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டானோன்னு நினைக்க வேண்டாம். அதையெல்லாம் நான் நினைச்சுக்கிடுதேன். அதுக்கு ஒரு ஆளு போதும்.

எலே கொம்பையா. டைம் கீப்பர் பாக்கியம் அண்ணாச்சி கூண்டுல இருந்து கூப்பிடுதாரு. என்னல வாய் மட்டும் அசையுது, சத்தத்தைக் காணும். வண்டி எடுத்தாச்சு, யாரைக் கூப்பிட்டுக்கிட்டு நிக்க. திரும்பிப் பாக்கேன், கோவில்பட்டி வண்டி நின்ன இடத்துல ஆயில் சொட்டுதான் கிடக்கு. சும்மா தொண்டைக்கு ரெஸ்ட்டு அண்ணாச்சி. உன் தொண்டைக்கு ரெஸ்ட்டு விட்டா ஊருக்கே நல்லதுல. சிரிச்சுட்டு, பெறகு குரலைத் தணிச்சுக் கேக்காரு. அந்தா உக்காந்திருக்காருல்ல, அவரு வந்து எவ்வளவு நேரமாச்சு தெரியுமா. காலையில முதல் புளியங்குடி வண்டியிலயே வந்துட்டாரு. கொம்பையாங்கிற தம்பி எங்கன நிப்பாருன்னு கேட்டாரு, உன்னைக் கையைக் காட்டி விட்டேன். உன்கிட்ட வரவே இல்லியா. இல்ல அண்ணாச்சி. நீயும் பாக்கலியா. பாக்கல. சரில, போயிப் பேசு, சாப்பிட்டாரான்னுகூடத் தெரியல. கூண்டுக்குள்ள தலையை இழுத்துக்கிட்டாரு. ஜெயசிங்கு, நீகூட இந்நேரம் பிடிச்சிருப்ப. ரெண்டு நாப்பது வண்டின்னு ஒரு வண்டியே கிடையாது. யாரோன்னு சொன்னேன்ல, வயர் கூடை வச்சிருந்தவரு. அவருதான். அவரு வந்து இறங்கினதை நான் பாத்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு தடவை பாத்த முகம், செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு ஓடி வந்தாரு, மறக்குமா. இறங்கினாரு, சட்டையை இழுத்து விட்டுக்கிட்டாரு, அண்ணாச்சிகிட்டக் கேட்டாரு, அந்தப் பெஞ்சுல உக்காந்தாரு. நான் காலையில இருந்து பாக்காத மாதிரிக் கத்திக்கிட்டு நிக்கேன். எத்தனை வண்டி போயிருச்சுன்னு தெரியல. நான் வேலை முடிச்சு வரட்டும்னு அவரு காத்துக்கிட்டு இருக்காரு, அவ்வளவு மரியாதை. அவரு எந்திரிச்சுப் போயிருவாரான்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன்.

பஸ் ஸ்டாண்டு அகலம் மொத்தமே அம்பது அடி இருக்கும். நடக்கேன். காலு ஒவ்வொண்ணும் அடுத்தவன் காலு மாதிரி வருது. ரெண்டாவது கதையிலயும் ஓட்டை இருக்குல, நீங்க கிளாஸ்லதான் இருந்தீங்க, உங்களுக்குத் தெரியும். மத்தியானம் அவன் வரவே இல்ல. ஏழு பீரியடும் நான்தான். முதல் பீரியட்ல சாதாரணமாத்தான் குடுத்தேன், வழக்கமா குடுக்க மாதிரி குனிஞ்சுக்கிட்டு. ரெண்டாவது பீரியட் முடிஞ்சு ஜெயசிங்கு கேட்டான், உன் ஆளு எங்கல. நான் செஞ்சு காட்டினேன். கண்ணைப் பாதி மூடி, நாக்கைத் தடிப்பாக்கி, வயி...று வலிக்...குது...ல. நீங்க சிரிச்சீங்க. நல்லா சிரிச்சீங்க, ஒருத்தன் பெஞ்சுல தட்டித் தட்டிச் சிரிச்சான், திருப்பிச் செய்யின்னான். நான் விழுந்த சிரிப்புக்கு அடுத்த சிரிப்பு தேடுதவன், விடுவேனா. மூணாவது பீரியட்ல பியூன் வந்து கேட்டப்ப அந்தக் குரல்லயே அட்டெண்டன்ஸ் சொன்னேன். கிளாஸே சிரிப்புல ஆடிப்போச்சு. உங்களைக் குத்தம் சொல்லல. நீங்க அந்த ரூமுக்குள்ள இல்ல, அவன் முகத்தைப் பாக்கல. ரூமுக்குள்ள இருந்தது நான். அவன் என்கிட்டச் சொன்னது ப்ராக்ஸி குடுன்னு இல்ல, அது என் சொந்தச் சரக்கு. அவன் சொன்னது வேற. அதை இன்னும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. மூணு வாரம் கழிச்சு, புதுசா வந்த சாரு, பேரை இன்னும் அடிக்காத பழைய லிஸ்ட்டைப் பாத்து நாப்பத்தேழுன்னு கூப்பிட்டாரு. அறுபது பேரும் திரும்பி என்னைப் பாத்தீங்க. உங்களுக்கு எல்லாம் தெரியும்னு எனக்கு அன்னைக்குத் தெரிஞ்சுச்சு. என் வாய் தானாத் திறக்க வந்துச்சுல, அதை நீங்க பாத்தீங்களா. கையால பொத்திக்கிட்டு வெளிய வந்தவன்தான். படிப்பு பிடிக்கலன்னு வீட்டுல சொன்னேன். நம்பிட்டாக.

கொம்பையாவாய்யா. ஆமாப்பா. உக்காரு, வேலையைக் கெடுத்துட்டனோ. இல்லப்பா. பக்கத்துல உக்காந்தா எலுமிச்சம்பழ வாசம், எங்க ரூம் வாசம். உன் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். நல்ல குரலுய்யா உனக்கு, தண்ணி நிறையக் குடி. கூடைக்குள்ள கையை விட்டு ஆறேழு பழத்தை எடுத்து என் மடியில போடுதாரு. நீ அவனுக்குப் பிழிஞ்சு குடுப்பியாமே, சொல்லியிருக்கான். பெறகு சட்டைப் பையில இருந்து ஒரு அட்டை. லேமினேட் பண்ணினது. ரிஜிஸ்டர் பக்கத்தோட ஜெராக்ஸ். விரலை வச்சுக் காட்டுதாரு, நகத்துக்குள்ள பச்சைக் கறை. பாரு, ஏழுக்கு ஏழு. ஒண்ணுகூட விடல எம் மவன். நான் தலையாட்டுதேன். ஆவி அது இதுன்னு நீ சொல்லுததைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லய்யா, வயசுப் பிள்ளைக அப்படித்தான் பேசும். எனக்கு அந்த இடம் மட்டும் சொல்லு. நான் போன்ல நிக்கேன். பியூன் உள்ள வந்து கேக்காரு. அவன் எப்படிச் சொன்னான். உனக்கு அவனை மாதிரியே பேச வருமாமே. ஒரு தடவை சொல்லிக் காட்டேன்யா. கேட்டுட்டு முகத்தை வேற பக்கம் திருப்பிக்கிட்டாரு, பாத்துக்கிட்டே கேக்க அவருக்குத் தெம்பு இல்ல. என் தொண்டையில நல்ல குரலு வந்து நிக்குது. சாப்டியால குரலு. வாயைத் திறந்தா விழுந்துரும். அப்ப மணி பத்து நாப்பது இருக்கும்பான்னு ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சதும் சுவத்துல சாஞ்சுக்கிட்டு ஒரு கண்ணு லேசாச் சிரிச்சுச்சு. நிறுத்திட்டேன். அவரு காத்துக்கிட்டு இருக்காரு. கோவில்பட்டிக்கு அடுத்த வண்டி வந்து நிக்குது, கூப்பிட ஆள் இல்லாம ஜனம் அதுபாட்டுக்கு ஏறுது. இல்லப்பா, மணி தெரியாது, நான் மணி பாக்கல. அந்தக் குரலு அவன் இல்லப்பா. உங்களுக்குப் பதில் சொன்னது நான். அவன் ரூம்ல தரையில கிடந்தான். காலையில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, வார்டன்ட்டச் சொல்லுல, என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுன்னு என்கிட்டத்தான் சொன்னான். நான் சொல்லல. அவன் சொன்ன விதம் சிரிப்பா இருந்துச்சு, அதைக் கிளாஸ்ல செஞ்சு காட்டப் போயிட்டேன்.